நாலாவது கட்டம்

எனக்கு எத்தனை மதிப்பெண் வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் அதை யார் யாருக்கு அனுப்பலாம் என்று முன்கூட்டியே கேட்டது அந்த விண்ணப்பம். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில் நான்கு சின்னக் கட்டங்கள். கூடவே வந்த புத்தகத்தில் வணிக நிர்வாகம் சொல்லித்தரும் கல்வி நிலையங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் விலாசமும் ஓர் எண்ணும். நமக்கு வேண்டிய நான்கின் எண்களைக் கட்டங்களில் எழுதினால், மதிப்பெண் அந்த நான்கு இடங்களுக்கு மட்டும் போகும். அவர்களுக்குப் பிடித்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். எழுதிய பிறகு மாற்ற முடியாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அதுவரை நான் எழுதிய பரீட்சைகளில் மதிப்பெண் முதலில் என் கைக்கு வரும். நான் பார்த்து, பயந்து, அம்மாவிடம் காட்டி, அம்மா நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் சொல்வாள். இங்கே என்னவென்றால், முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத நாலு பேர் நான் பார்க்கும் அதே சமயத்தில் என் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நல்லதோ கெட்டதோ, ஒளிக்க வழியில்லை. அந்த நாலு பேர் யார் என்று மட்டும் நானே சொல்லலாம். அந்தச் சின்ன அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

எண்பதுகளின் தொடக்கம். நான் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். கல்லூரி நூலகத்தில் ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் எழுதிப்போட்டு விண்ணப்பத்தை வரவழைத்தேன். அம்மா அந்த வருடம் என் சாதகத்தை மஞ்சள் தடவி எடுத்து வைத்திருந்தாள். நான் விண்ணப்பத்தை அதன் மேலேயே வைத்தேன். தேடும்போது இரண்டும் சேர்ந்து அகப்படட்டும் என்ற எண்ணம்தான்.

எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டால், அதற்கு அப்பாவின் லாரிகள்தான் காரணம். எங்களுக்கு மேட்டு நிலம் கொஞ்சமும் லாரி இரண்டும் இருந்தன. சேலத்திலும் ஆத்தூரிலும் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு லாரி வடக்கே போகும். போகும்போது ஒரு வாடகை. அதே லாரி, அதே ரோடு, அதே டிரைவர், திரும்பி வரும்போது அதில் பாதி வாடகை. ஏன் என்று பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். “அது அப்படித்தான் கண்ணு” என்பார். இந்த “அப்படித்தான்” என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கோ ஓர் இடத்தில் இதற்குப் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

விண்ணப்பத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அதனால் அப்பாவிடம் போகாமல் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பலகாரம் முடிந்ததும் எடுத்து நீட்டினேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலில் இருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கல்வி நிலையங்களின் பெயர்களைப் படிக்கவே இல்லை.

“இதுல நம்ம லாரி போற ஊரு எத்தனை இருக்குது?” என்றார்.

“ஏழெட்டு இருக்குமுங்கப்பா.”

“அதுல ரிட்டன் லோடு சட்டுனு கெடைக்கற ஊரு எதெதுன்னு டிரைவருங்களைக் கேட்டு எழுதிக்க. அந்த ஊரை மட்டும் போடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“ஏன் சிரிக்கறே? லாரி போனா ரண்டு நாள்ல லோடு ஏத்தித் திரும்பற ஊருன்னா, மாசத்துல மூணு தரம் நம்ம ஆளு வருவான் போவான். உனக்கு ஒண்ணுன்னா சேதி வரும். ரிட்டன் லோடு கெடைக்காத ஊருக்கு லாரி அனுப்பறதுக்கே நான் ரண்டு தரம் யோசிக்கறேன். பொண்ணை அனுப்புவனா?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அப்படின்னா போறதுக்குச் செரின்னு சொல்லிப்போட்டீங்களா?” என்றாள். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிட்டார். அவர் எதை மறுக்கவில்லையோ அதற்குச் சம்மதம் என்று எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு.

அப்பாவின் லாரி ஷெட் திருச்சி ரோட்டில் இருந்தது. எங்கள் டிரைவர்கள் தவிர, பக்கத்து ஷெட் டிரைவர்களும் டிரிப் முடிந்து வந்தால் அங்கேதான் உட்கார்ந்து பேசுவார்கள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக அங்கே போய் உட்கார்ந்தேன். நாற்பது பக்க நோட்டு. ஊர்ப் பெயரைத் தலைப்பாகப் போட்டு, கீழே தண்ணீர், சாப்பாடு, ஜனங்கள், மழை, பொம்பளைப் பிள்ளைகள் தனியாக ரோட்டில் நடக்கிறார்களா என்று கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். டிரைவர்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். முதலாளி மகள் பேனாவும் கையுமாக வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் பேச்சு வரும்? பிறகு பழகிக்கொண்டார்கள்.

பம்பாய் லைனில் ஓடுகிற டிரைவரை முதலில் பிடித்தேன். சுறுசுறுப்பான ஆள். பத்து வருடமாக அந்த ஊருக்குப் போய் வருகிறார்.

“பம்பாய் ஜோரான ஊருங்க அம்மணி. காத்தால போயிச் சேந்தமுன்னா மத்தியானத்துக்குள்ள எறக்கிருவாங்க. மறுநாள் லோடு ரெடி. ஒண்ணும் கொறை சொல்ல முடியாது.”

“கடல் எப்படிங்கண்ணா இருக்கும்?”

“கடலுங்களா?” அவர் யோசித்தார். “இருக்குமுங்க.”

“நீங்க பாத்ததில்லீங்களா?”

“அதுக்கு எங்கீங்க நேரம்?”

பத்து வருடம் பம்பாய் போய் வந்தவருக்குக் கடல் தெரியவில்லை. நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஆமதாபாத் டிரைவரிடம் அந்த ஊர் ஆற்றைப் பற்றிக் கேட்டேன். “ஒரு பாலம் ஏறி எறங்குவோமுங்க, அதுதான் போல” என்றார். பெங்களூர் போகிறவர் இன்னும் மோசம். போனோம், இறக்கினோம், ஏற்றினோம், வந்தோம் என்று நாலே சொல்லில் ஊரையே முடித்துவிட்டார். மூன்று பேருமே அவரவர் ஊரைப் பற்றிப் புகழ்ந்துதான் பேசினார்கள். நல்ல ஊர், தங்கமான ஊர், லோடுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் ஆளுக்கு அரைப் பக்கத்துக்கு மேல் என் நோட்டில் ஒன்றும் ஏறவில்லை.

கல்கத்தா டிரைவர் வந்தது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அப்பா முதல் லாரி வாங்கிய நாளிலிருந்து எங்களோடு இருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு. ஜவ்வரிசிக்கு அங்கே நல்ல கிராக்கி இருந்ததால் வேறு லோடு அகப்படாத சமயங்களில் அப்பா முனகிக்கொண்டே அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்புவார். ரிட்டன் லோடு லேசில் கிடைக்காது. நான் ஊர்ப் பெயரைச் சொன்னதுமே அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அந்த ஊரா? வேண்டாமுங்க சாமி. நம்ம எதிரிக்குக் கூட வேண்டாமுங்க.”

பிறகு ஒரு மணி நேரம் திட்டினார். நான் எழுதி எழுதிக் கை வலித்துப்போனது. லோடு இறக்கிவிட்டு ஆறு நாள், ஏழு நாள் காத்துக் கிடக்க வேண்டும். புக்கிங் ஆபீஸில் ஒரு கிழட்டுக் குமாஸ்தா இருக்கிறான். தினமும் போய் நின்றால் நாளைக்கு என்பான். நாளைக்கு என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன சொல் என்று இவருக்கு நன்றாகத் தெரியும், வேறு எந்தச் சொல்லை விடவும். தண்ணீர் உப்பு. எதைத் தின்றாலும் கடுகெண்ணெய் வாடை. மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீரில் ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள். ரோட்டு நடுவில் ரயில் மாதிரி ஒன்று மணி அடித்துக்கொண்டு ஊர்ந்து போகிறது, நாம் நடந்து போனால் அதை முந்திவிடலாம். மனுஷனை மனுஷன் ரிக்‌ஷாவில் வைத்து இழுக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை. ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தால் படகுகளை எண்ணிக்கொண்டே ஒரு பொழுது போய்விடுகிறது.

“அத்தனை தூரம் நம்ம ஜவ்வரிசியக் கொண்டு போறமே, அத வெச்சு என்ன பண்றாங்கன்னு ஒரு நாள் கடைக்காரனைக் கேட்டனுங்க. காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி காய்ச்சறாங்களாமா. வெரதம் இருக்கறவங்களும் திங்கறாங்களாமா. நாம இங்க அத ஆட்டி, காய வெச்சு, மூட்டை புடிச்சு அனுப்பறம். அங்க ஒடம்புக்கு முடியாதவன் அதக் குடிச்சு எந்திரிச்சு உக்காருறான்.”

“பொம்பளைப் புள்ளைங்க ரோட்டுல போறாங்களாங்கண்ணா?”

“அதை ஏன் கேக்கறீங்க? பொஸ்தகத்தை அள்ளிக்கிட்டு ஆம்பளப் பசங்ககூட சண்டை போட்டுக்கிட்டே போவுதுங்க. டிராமுல எடம் குடுக்காட்டி ஒரே சத்தம். வாயின்னா வாயி!” என்று சொல்லி, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பம்பாய் அரைப் பக்கம். ஆமதாபாத் ஆறு வரி. பெங்களூர் நாலு வரி. கல்கத்தா ஏழு பக்கம். அப்போதுதான் எனக்குச் சுரீரென்று பட்டது. அப்பாவின் கணக்குப்படி எந்த ஊர் நல்ல ஊரோ, அந்த ஊரை எங்கள் ஆட்கள் யாரும் பார்த்ததே இல்லை. லோடு சட்டென்று கிடைத்துவிடுகிறதே, எப்படிப் பார்ப்பார்கள்? இறக்குகிற இடமும் ஏற்றுகிற இடமும் பெட்ரோல் பங்கும்தான் அவர்களுக்குப் பம்பாய். லோடு கிடைக்காமல் ஒரு வாரம் காத்துக் கிடந்தவர்தான் ஊரில் கால் வைத்து நடந்திருக்கிறார், விலை கேட்டிருக்கிறார், நனைந்திருக்கிறார், நாலு பேரோடு பேசியிருக்கிறார். எங்கள் ஆளுக்குத் தெரிந்த ஒரே ஊர் அவர் திட்டிய ஊர்தான். எனக்கு அந்தத் திட்டு மேல் ஆசை வந்துவிட்டது.

இதை அப்பாவிடம் இவ்வளவு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. பிடித்ததனால் மனசு மாறிவிடும் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

“நல்லாத்தான் பேசறே. ஆனா கல்கத்தா வேண்டாம்.”

“கட்டம் நாலு இருக்குதுங்களேப்பா.”

“நாலு இருந்தா நாலையும் ரொப்போணுமா? மூணு போதும். எலையில எடமிருக்குதுன்னு வேண்டாததையெல்லாம் போட்டுக்குவமா?”

பெங்களூர், பம்பாய், ஆமதாபாத். மூன்று எண்களையும் அவர் முன்னாலேயே எழுத வைத்தார். நாலாவது கட்டம் காலியாக இருக்கும்போதே கீழே கையெழுத்துப் போட்டார். பெரிய கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் கட்டங்களைத் தொடுகிற மாதிரி நீளும்.

மறுநாள் தபாலாபீஸுக்குப் போனேன். பசை டப்பா வைத்த மேஜையில் உறையை ஒட்டப் போகும்போது விண்ணப்பத்தை வெளியே எடுத்தேன். அந்தக் காலிக் கட்டம் என்னையே பார்ப்பது போலிருந்தது. அதே பேனாவால் கல்கத்தாவின் எண்ணை எழுதினேன். இரண்டே இலக்கம், எழுத எவ்வளவு நேரமாகும்? உடனே ஒட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் நின்றபோது பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. சந்தோஷம்தான் கொஞ்சம் கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கோயம்புத்தூரில் பரீட்சை. அப்பாதான் கூட்டிப்போனார். வெளியே மூன்று மணி நேரம் மரத்தடியில் நின்றுவிட்டு, நான் வந்ததும், “வெய்யில் ஜாஸ்தி” என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்தார். நாலாவது கட்டத்தைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பஸ் இரைச்சல் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து மதிப்பெண் அட்டை வந்தது. பரவாயில்லாத மதிப்பெண். துள்ளிக் குதிக்கவும் முடியாது, மூலையில் உட்கார்ந்து அழவும் முடியாது. ஆனால் அட்டையின் அடியில் ஒரு வரி இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. இந்த மதிப்பெண் கீழ்க்கண்ட நிலையங்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று போட்டு, நான்கு எண்கள். தபால்காரர் அதை அப்பா கையில்தான் கொடுத்தார்.

அப்பா மதிப்பெண்ணைப் பார்த்தார். பிறகு நான்கு எண்களையும் பார்த்தார். உள்ளே போய் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்து, நாலாவது எண்ணுக்கு நேரே விரலை வைத்துப் படித்தார். எனக்கு அந்த விரல் நகர்வதைப் பார்க்கவே முடியவில்லை.

“நான் கையெழுத்துப் போடறப்ப இது இருந்துதா?”

“இல்லீங்கப்பா.”

“லோடு பில்லுல நான் கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் ஒரு ஊரைச் சேத்து எழுதற டிரைவரை நான் மறுநாள் வண்டியத் தொட உட மாட்டேன்.” குரலை உயர்த்தவே இல்லை. “உன்னைய என்ன பண்றது?”

ஊர் எதுவாக இருந்தாலும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் கையெழுத்துக்கு மேல் நான் எழுதியதுதான் அவரை அடித்துவிட்டது. எழுதும்போது எனக்கு அது ஒரு காலிக் கட்டம். அவருக்கு அது அவருடைய சொல். ரொம்ப வெட்கமாக இருந்தது. அவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “சொல்லிப்போட்டு எழுதியிருக்கக் கூடாதா சாமி?”

“சொல்லியிருந்தா உட்டிருப்பாருங்களா?”

“உட்டிருக்க மாட்டாரு” என்று அம்மா ஒப்புக்கொண்டாள். பிறகு, “அதுக்காக?” என்றாள்.

அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது கூட அம்மா வழியாகத்தான். கல்கத்தா டிரைவர் அந்த வாரம் ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வழக்கத்துக்கு மாறாக அப்பா ஆத்தூர் வரைக்கும் போய் லாரியை அனுப்பிவிட்டு வந்தார். தார்ப்பாய் புதுசு, கட்டுவதைப் பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

மூன்று வாரமும் சில நாட்களும் ஆயின. பம்பாயிலிருந்து வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. ஆமதாபாத்திலிருந்தும் வந்தது. ஆங்கிலத்தில் வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு மரியாதையான சொற்கள் இருக்கின்றன என்று அந்த இரண்டு கடிதங்களிலும் கற்றுக்கொண்டேன். பெங்களூரிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். அம்மா அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை கல்கத்தா டிரைவர் வந்தார். லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு, குளிக்காமல் கொள்ளாமல் நேராக வீட்டுக்கு. வாசலில் வேப்பமரத்தடியில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, நான் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல் ஆரம்பித்தார்.

“நீங்க சொன்ன எடத்தைப் பாத்துப்போட்டு வந்துட்டனுங்க மொதலாளி.”

எந்த இடம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமல், “சொல்லு” என்றார்.

“லோடு அஞ்சு நாள் ஆவும்னு சொல்லிட்டாங்க. செரின்னு நீங்க குடுத்த அட்ரஸ் சீட்டைக் காட்டிக் காட்டி டிராமுல போனனுங்க. பெரிய கேட்டு. வாட்ச்மேன் உள்ள உட மாட்டேனுட்டான். எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்துக்கிட்டேன். பொம்பளப் புள்ளைங்க ஹாஸ்டலு ரோட்டுக்கு இந்தப் பக்கம், படிக்கற எடம் அந்தப் பக்கம். காத்தால உள்ள போறப்ப எண்ணுனனுங்க. பதினொரு புள்ளைங்க.”

“செரி.”

“சாயங்காலம் வெளிய வரப்ப எண்ணுனேன். பத்துத்தானுங்க இருந்துது.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்புறம்?”

“தப்பா எண்ணிட்டனோன்னு பாத்தா, இல்ல. பதினொண்ணாவது, பச்சச் சேல கட்டிக்கிட்டு ஒல்லியா ஒண்ணு போச்சு, அது வரல. வாட்ச்மேன்கிட்டப் போயி ஜாடை காட்டிக் கேட்டேன். அவன் என்னைய சந்தேகமாப் பாக்கறான். பொஸ்தகம் படிக்கற மாதிரி ஜாடை காட்டுனான். அந்தப் புள்ள உள்ளயே லைப்ரேரியில உக்காந்து படிச்சுக்கிட்டு இருக்குதாமா. அதுக்காக உட்டுப்போட்டு வர முடியுங்களா? அங்கியே நின்னேன். வெளக்கு வெச்சு ஒரு மணி நேரம் கழிச்சு வந்துதுங்க. ரோட்டைத் தாண்டி ஹாஸ்டலுக்குள்ள போற வரைக்கும் பாத்துட்டுத்தான் நவுந்தேன்.”

“மறுநாள்?”

“மறுநாளும் போனனுங்க. போனதும் பதினொண்ணு, வந்ததும் பதினொண்ணு. மூணாம் நாளும் அதேதானுங்க. ஒண்ணு கொறையல.”

ஜவ்வரிசி மூட்டையை ஏற்றும்போது ஒரு தரம், இறக்கும்போது ஒரு தரம் எண்ணுவது அவர் வழக்கம். அதே மாதிரி மூன்று நாள் ஒரு கல்விக்கூடத்தின் வாசலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத பதினொரு பெண்களை எண்ணிவிட்டு வந்திருக்கிறார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் பச்சைப் புடவைக்காரியை நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவள் லைப்ரரியில் என்ன படித்தாள்? தன்னை ஒருவர் எண்ணிக்கொண்டு வாசலில் நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

“தண்ணி?” என்றார் அப்பா.

“தண்ணி உப்புத்தானுங்க. அதுல மாத்தமில்ல.”

அப்பா எழுந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை: “டிரைவருக்கு எலை போடு.”

அதற்கப்புறம் அவர் கல்கத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஷெட்டிலிருந்து வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஏதாவது ஒரு காரணம் சொல்வார். மோட்டார் சுவிட்ச் பார்க்க, சட்டை மாற்ற, மோர் குடிக்க. பெங்களூருக்குப் பதில் எழுத வேண்டுமே என்று அம்மா கேட்டதற்கு, “இன்னும் நாள் இருக்குதல்ல, பொறு” என்றார். நேர்முகத் தேதிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருந்தது. அவரை ஏமாற்றி எழுதிய ஊருக்காக அவரே வாசலில் நிற்கிறார். அதைப் பார்க்கச் சந்தோஷப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே நீட்டிவிட்டு, சேதி தெரிந்துகொள்ள ஒரு காலை ஊன்றி நின்றார். அப்பா வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொடுத்தார். நான் பிரித்து முதல் வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அதே மரியாதையான சொற்கள். இந்த ஆண்டு இடங்கள் குறைவு, விண்ணப்பித்தவர்கள் அதிகம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

“என்ன போட்டிருக்கறான்?”

“எடமில்லீங்களாமப்பா.”

“எடமில்லைன்னா?”

“எனக்கு எடமில்லீங்களாமா.”

அப்பா கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஏதாவது எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அவருக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். மதிப்பெண் அட்டை வந்த அன்று கூடச் சிவக்காத காது இப்போது சிவந்தது. நான் அதுவரை அழவில்லை. என் மதிப்பெண் எனக்குத் தெரியும், நான் பெரிதாக ஆசை வைத்திருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு தைரியமாகத்தான் நின்றேன். பெங்களூர் இருக்கிறது, அங்கே போய்ப் படிக்கலாம். அதே மாதிரி பிறகு நேர்முகத்தில் தேறி, போய்ப் படித்தேன். ஆனால் அன்றைக்கு அப்பா சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமறியாத தபால்காரரைப் பார்த்துச் சண்டைக்குப் போகிற குரலில் கேட்டதைக் கேட்டதும் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன்.

“ஏனுங்க, பதினொரு புள்ளைங்க போயி வார எடம் அது. பன்னெண்டாவதா எம்பட புள்ள ஒண்ணுக்கு எடமில்லைங்கறானே, இது நாயமா?”